சிப்பி கேட்ட ஆறு கேள்விகள்

தூத்துக்குடியில் ஜெசிந்தா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள் சந்தேகம் கேட்க அவரைத் தேடி வருவார்கள், அப்படி ஒட்டிக்கொண்ட பேர். வயது நாற்பத்திரண்டு.

அவரிடம் படிக்க வந்த பிரமநாயகத்துக்கு ஐம்பத்தேழு. டீச்சர் சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் அவரை டீச்சர் என்பார். இரண்டு பேருக்கும் அது உறுத்தியதே இல்லை.

கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. அது நின்றால் மேலே உள்ளதெல்லாம் நின்றுபோகும். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது, யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்ளும் பகுதியும் அதற்குள்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட பகுதிகள் பல உண்டு, நமக்குத் தோதானதை வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றின் பேர் சிப்பி. டீச்சர் வைத்த பேர். பதினாறு வருஷமாக அதைக் காத்துவருகிறவரும் அவர்தான். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் சிப்பியில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் டீச்சருக்கு மெயில் போட வேண்டும். அவர் சரி என்றால்தான் உள்ளே போகும்.

கெர்னலை அவரவர் மெஷினுக்குத் தகுந்தபடி அவரவரே கட்டிக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன்னால் அது கேள்வி கேட்கும். ஆயிரக்கணக்கில் கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று. ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நாலு வரி விளக்கம் இருக்கும். அந்த விளக்கத்தை இப்படி முடிப்பது அந்த ஆட்களுக்குள் ஒரு வழக்கம்: ‘தெரியவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லவும்.’

பிரமநாயகத்துக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னார்.

அவர் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே ஒரு சின்ன கிளினிக்கில். அங்கே நாலு பழைய மெஷின். புதிது வாங்குகிற எண்ணம் யாருக்கும் இல்லாததால் அவரே கெர்னல் கட்டி அவற்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றில் ரெஜினாளின் கோப்புகள் இருந்தன. ரெஜினாள் அந்தக் கிளினிக்கில் பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறவர். வீட்டில் அடி வாங்கியவர்கள், தூக்கம் இல்லாதவர்கள், வெளியே சொல்ல முடியாத நோய் வந்தவர்கள் அவரிடம்தான் வாய் திறப்பார்கள். அவர் அதை எழுதி வைப்பார். தானும் டாக்டரும் மட்டும் திறக்கலாம், ஆபீஸ்காரர்கள் திறக்கக் கூடாது என்று ஒவ்வொரு கோப்போடும் ஒரு பட்டியல் சேர்ந்திருக்கும்.

சிப்பி கேட்ட ஆறு கேள்விகளில் ஒன்று, அந்தப் பட்டியலை மதிக்க வேண்டுமா என்பது.

வேண்டாம் என்றதும் மெஷின் அலறவில்லை, நின்றுபோகவில்லை. எப்போதும்போல ஓடியது. ஆனால் பட்டியலைப் படிக்கத் தெரியாத கெர்னல், கோப்பின் மேலே உள்ள குறியை மட்டும் பார்க்கும். பட்டியலில் இருப்பவர்களுக்கு அதிகபட்சம் எவ்வளவு அனுமதி உண்டோ, அதைக் காட்டுகிற குறி அது. கெர்னல் அதை ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்த அனுமதி என்று எடுத்துக்கொண்டது. ஒரு கிளார்க் சும்மா இருந்த நேரத்தில் ஒரு கோப்பைத் திறந்தார், திறந்துகொண்டது. அது சந்தனமாரி என்கிற பெண்ணின் கோப்பு. கிளார்க்கும் சந்தனமாரியின் புருஷனும் ஒரே தெரு. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு சந்தனமாரி கிளினிக் பக்கமே வரவில்லை.

பிரமநாயகம் காரணத்தைக் கண்டுபிடித்து, மறுநாளே ஆமாம் என்று சொல்லிக் கெர்னலைத் திரும்பக் கட்டினார். ரெஜினாளிடம் போய், “இனிமே பயமில்ல, எழுதலாம்” என்றார்.

ரெஜினாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். “இன்னிக்குச் சரி சார். அடுத்த தடவை கட்டும்போது?”

“ஞாபகமா ஆமாம்னு சொல்லிருவேன்.”

“நீங்க அடுத்த வருஷம் ரிடையர் ஆகுதிய. ஒங்க நாற்காலியில வந்து உக்காரப் போறவரு?”

பிரமநாயகம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சந்தனமாரியைச் சந்தையில பாத்தேன். கை கட்டோட நிக்கா. ‘எழுதாம கேப்பியன்னா வாரேன்க்கா’ங்கா. நாப்பது பொம்பளையள நான் எழுதாம எப்படி சார் மனசுல வைக்க? அவளுக்காக நாளைக்கு ஒரு இடத்துல போயி நான் சாட்சி சொல்லணும்னா எதை வச்சுச் சொல்ல? ‘எழுதுதேன், வெளிய போவாது’ன்னு அவகிட்ட நான் வாக்குக் கொடுக்கணும். அந்த வாக்கை முதல்ல நீங்க எனக்குக் கொடுக்கணும். ஒங்களுக்குப் பொறவு வாரவருக்கும் சேத்து.”

அந்த வாக்கைத் தேடித்தான் பிரமநாயகம் டீச்சரிடம் வந்தார்.

டீச்சர் முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார். மாடி அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

“டீச்சர், என்மேல தப்புன்னா சொல்லிருங்க. எழுதியிருந்தபடிதானே செஞ்சேன்?”

“எழுதியிருந்தபடிதான் செஞ்சிருக்கிய.”

“ஒரு யோசனை வச்சிருக்கேன். ஏழாவதா ஒரு கேள்வி போட்டிருவோம். ‘வேண்டாம்னு சொல்லிட்டீரே, நிசமாத்தானா வே?’ன்னு கேக்கணும்.”

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “அண்ணாச்சி, எங்க மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்கிற நேரம். முழுசு கொடுக்கவா, பாதி கொடுக்கவா?”

“எங்கிட்ட கேட்டா?”

“தெரியலன்னா, கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்க.”

“கொடுக்கலன்னா அவுங்களுக்கு ஏதும் ஆயிராதா?”

“ஆகலாம்.”

பிரமநாயகத்துக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “என்ன டீச்சர் வெளையாடுதிய? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது நீங்க. சீட்டு ஒங்க அலமாரியில இருக்கு. தெரிஞ்ச ஆள் நீங்க இருக்கும்போது, தெரியாதவங்கிட்ட எதுக்குக் கேக்கிய?”

டீச்சர் எழுந்து உள்ளே போனார். மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தார். முழு மாத்திரை.

பிரமநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏழாவது கேள்வியைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை.

மறுநாள் வந்தபோது வேறு யோசனையோடு வந்தார்.

“அந்தப் பட்டியல் கேள்வியை மட்டும் எடுத்திருவோம் டீச்சர். எல்லாருக்கும் ஆமாம்தான்னு வச்சிருவோம்.”

“மத்த அஞ்சும்?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். எவனுக்காவது ஒதவும். சும்மா இருக்கிற கேள்வியால என்ன வந்திரப் போவுது?”

“ஆறு கேள்விக்கு மொத்தம் எத்தனை விதமா பதில் சொல்லலாம்?”

“ஆறு ரெண்டு பன்னெண்டு.”

டீச்சர் சிரிக்கவில்லை. காத்திருந்தார்.

பிரமநாயகம் விரலை மடக்கினார். ஒரு கேள்விக்கு ரெண்டு. ரெண்டு கேள்விக்கு நாலு. எட்டு. பதினாறு. முப்பத்திரண்டு. ஆறாவது விரலில் நிறுத்தி, “அறுபத்திநாலு” என்றார். சத்தம் இறங்கிவிட்டது.

“அந்த அறுபத்திநாலையும் கட்டி, ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பாத்திட்டு வாங்க.”

“அத்தனையுமா?”

“ஒண்ணு விடாம.”

ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் ஒரு நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். முகம் கறுத்திருந்தது.

“பத்தொம்போது கட்டவே மாட்டேங்கு. பாதியில பல்லைக் காட்டிட்டு நின்னுருது. கட்டுனதுல ஏழு, மெஷினை எழுப்பவே இல்ல. முப்பத்தெட்டு ஓடுது.”

“அந்த முப்பத்தெட்டு?”

“ரெஜினாள் கோப்பு மாதிரியே ஒரு கோப்பைச் செஞ்சு உள்ள வச்சு, வெளி ஆளா நின்னு தொறந்து பாத்தேன். பதினேழுல தொறக்கு. ஒரு எச்சரிக்கை கெடையாது, ஒண்ணு கெடையாது. வாங்க, வாசிங்கன்னு தொறக்கு.” நோட்டை மூடினார். “நீங்க தினமும் ஓட்டுறது இதுல எது டீச்சர்?”

“ஆறுக்கும் ஆமாம் சொன்னது.”

“மத்த அறுபத்திமூணு?”

“எப்பமாவது ஒண்ணு ரெண்டு. முழுசா ஒரு தடவையும் பாத்ததில்ல.”

“வேற யாரு பாக்கா?”

“யாரும் இல்ல.”

“அப்போ அதுல போயி குடியிருக்கவன் கதி?”

டீச்சர் அவர் நோட்டை வாங்கி, அறுபத்திநாலு முடிவுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். வெகுநேரம் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, “இது தெரிஞ்சிருக்க வேண்டியது எனக்கு” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பேச்சு பிரமநாயகத்துக்கு வீட்டுக்குப் போன பிறகும் காதில் இருந்தது. கெர்னலில் ஒவ்வொரு வரிக்கும் பதிவு உண்டு. எந்த வருஷம் யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்பது அழியாமல் கிடக்கும். அவர் போய்ப் பார்த்தார். சிப்பியின் ஆறு கேள்விகளையும் வைத்தது யார் என்று தேடினார். ஆறுக்கும் ஒரே பேர்தான் இருந்தது.

மறுநாள் அவர் செருப்பைக் கழற்றும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. டீச்சர் என்று கூப்பிடவில்லை.

“அந்தக் கேள்வியெல்லாம் நீங்க வச்சதா?”

“ஆமா.”

“கீழ அந்தக் கடைசி வரியும்?”

“அதுவும்.”

“இத்தனை நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! மாத்திரை கதை சொன்னிய. அறுபத்திநாலு கட்டச் சொன்னிய. நான்தான் வச்சேன்னு சொல்ல வாய் வரலியா?”

“வரல அண்ணாச்சி.”

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் சொன்னார்: “அப்போ எனக்கு இருவத்தாறு வயசு. சிப்பிக்குப் பட்டியல் வேணும்னு ஒருத்தர். வேண்டாம், எல்லாம் மெதுவாயிரும்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் பெரிய கை. ஏழு வாரம் மெயில்ல அடிச்சுக்கிட்டாங்க. ‘ஒனக்கு என்ன தெரியும்’னு ஒருத்தர், ‘ஒன் அப்பனுக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்’னு இன்னொருத்தர். தீர்ப்பு சொல்ல வேண்டிய ஆள் நான். பயந்துட்டேன். யார் பக்கம் சொன்னாலும் மத்தவர் போயிருவாருன்னு. அதனால ஒரு கேள்வியா எழுதி வச்சேன். வேணும்ங்கிறவரு ஆமாம்னு சொல்லட்டும், வேண்டாம்ங்கிறவரு வேண்டாம்னு சொல்லட்டும். ரெண்டு பேருக்கும் சந்தோசம். நல்ல பிள்ளைன்னு பேர் வாங்குனேன். அதுக்குப் பொறவு எந்தச் சண்டை வந்தாலும் ஒரு கேள்வி. ஆறு சண்டை, ஆறு கேள்வி.”

“சண்டை தீந்துட்டுல்லா.”

“தீரல அண்ணாச்சி. அதை ஒங்க வீட்டுக்கு அனுப்பி வச்சேன்.”

“என் வீட்டுக்கு இல்ல,” என்றார் பிரமநாயகம். “சந்தனமாரி வீட்டுக்கு.”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். கீழே தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது.

“இப்பமாவது தீர்ப்பு சொல்லுதியளா?”

“சொல்லுதேன். ஆறும் வேண்டாம். ஆனா அதை எழுத வேண்டியது நீங்க. நான் கையெழுத்துப் போடுதேன்.”

“நானா? நான் இன்னும் படிக்கிறவன்லா.”

“எனக்கு அது ஆறு வரி. அந்த வரிக்கு அந்தப் பக்கம் யாரு உக்காந்திருக்கான்னு ஒங்களுக்குத்தான் தெரியும்.”

பிரமநாயகம் எழுதினார். மூன்று வாரம் எழுதினார். ஆறு கேள்விகளையும் எடுத்தார். சிப்பி வேண்டுமா என்ற ஒரே கேள்வி மட்டும் நின்றது. ஆமாம் என்றால் பட்டியல் உட்பட எல்லாம் சேர்ந்தே வரும். வேண்டாம் என்றால் கோப்பு யாருக்குமே திறக்காது. அதை உலகத்துக்கு மெயிலில் அனுப்பினார்.

மறுநாளே ஒருவர் சண்டைக்கு வந்தார். ‘பதினாறு வருஷமாக நான் ஆறுக்கும் வேண்டாம் என்று சொல்லி வருகிறேன். என் உரிமையில் கைவைக்க நீர் யார்?’

பிரமநாயகம் பணிவாகக் கேட்டார்: ‘தாங்கள் எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லிவருகிறீர்கள்?’

‘தெரியாது. விளக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.’

டீச்சர் அதைப் படித்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “கூடப்பிறந்தவர் ஒருத்தர் கெடைச்சிட்டாரு ஒங்களுக்கு.”

“சிரிக்காதீங்க டீச்சர். நான் வேண்டாம்னு சொன்னது ஒரு நாளு. அவரு பதினாறு வருசம்லா சொல்லியிருக்காரு, பாவம்.”

ஆனால் அடுத்து வந்த மெயில் சிரிக்கிற மாதிரி இல்லை. ஹெல்கா என்று ஒரு பெண், பனிமலை நாட்டிலிருந்து எழுதியிருந்தார். மலை உச்சிகளில் காற்றையும் பனியையும் அளக்கிற சின்னப் பெட்டிகளை வைத்துப் பராமரிக்கிறவர். பெட்டிக்குள் இருப்பது துளியூண்டு இடம். ஆறுக்கும் வேண்டாம் என்று சொன்னால்தான் கெர்னல் அதற்குள் அடங்கும். நன்றாக யோசித்து, அளந்து, சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவர். மலைக்கு ஏறுகிறவர்கள் அந்தப் பெட்டி சொல்வதை நம்பித்தான் ஏறுகிறார்கள் என்று கடைசியில் எழுதியிருந்தார்.

பிரமநாயகம் அன்று சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் டீச்சரிடம் வந்து, “ஒரே ஒரு கேள்வியைத் திரும்ப வச்சிருதேன்” என்றார். “சின்னப் பெட்டியா, பெரிய பெட்டியான்னு. அந்த அம்மா சொல்லுறது நியாயம். இங்க ஒருத்தியைக் காப்பாத்தப் போயி அங்க ஒருத்தனை மலையில விட்டுறக் கூடாது.”

“மெயிலை வாசிங்க.”

“வாசிச்சாச்சு.”

“சத்தமா வாசிங்க.”

“‘என் பெட்டிகளில் இடம் போதாது. அதனால் தயவுசெய்து இந்தக் கேள்விகளை எடுக்காதீர்கள்.’”

“முதல் வரி என்ன?”

“இடம் போதாது.”

“ரெண்டாவது?”

“கேள்வியை எடுக்காதீங்க.”

“இதுல எது அவுங்க வலி?”

பிரமநாயகம் மெயிலை மறுபடி பார்த்தார். உதடு அசைய இன்னொரு தடவை படித்தார்.

“முதல் வரி,” என்றார்.

“ரெண்டாவது வரி?”

“அது... அவுங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து.”

டீச்சர் எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அவ்வளவுதான்.

பிரமநாயகம் மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை கேள்விகளைப் பார்க்கவில்லை, அவற்றுக்குப் பின்னால் இருந்த ஆறு பகுதிகளையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. ஆறும் ஒன்றையொன்று நம்பவில்லை. பக்கத்தில் இருப்பது இருக்குமோ இருக்காதோ, யார் வேண்டாம் என்று சொல்லியிருப்பாரோ என்ற சந்தேகத்தில், கோப்பின் குறிப்பை எடுத்து வாசிக்கிற வேலையை ஒவ்வொன்றும் தனக்கென்று தனியாகச் செய்து வைத்திருந்தது. ஆறு அடுப்பு, ஆறு உலை. கேள்விகள்தான் போய்விட்டனவே, ஆறும் எப்போதும் இருக்கப்போகின்றன. அப்படியானால் ஒன்று வாசித்தால் போதும், மற்ற ஐந்தும் கேட்டுக்கொள்ளலாம்.

அதைச் செய்ய இன்னும் ஐந்து வாரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை எல்லாவற்றையும் கெடுத்தார். ஒரு தடவை, “என்னால ஆவாது டீச்சர், இந்த வயசுல எனக்கெதுக்கு இது” என்று நோட்டைத் தூக்கி மேசையில் போட்டார். டீச்சர் அந்த நோட்டை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு, அவர் பக்கமே திருப்பி வைத்தார்.

முடிந்ததும் அளந்து பார்த்தார்கள். ஆறுக்கும் ஆமாம் சொன்னால் முன்பு முப்பத்தெட்டு கிலோபைட். இப்போது அதே ஆறும் இருபத்திநாலில் அடங்கியது. ஹெல்கா ஆறுக்கும் வேண்டாம் சொல்லிப் பயன்படுத்தி வந்தது இருபத்தியொன்று. மூன்று கூடுதல்.

“மூணு கூடிட்டே,” என்றார் பிரமநாயகம்.

“மறைக்காம அப்படியே எழுதுங்க.”

எழுதினார். எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் வந்தது. ‘இரண்டு பெட்டிகளில் ஏற்றி மலையில் வைத்துப் பார்த்தேன். மூன்று தாங்கும். நான்கு தாங்காது, ஞாபகம் இருக்கட்டும். இன்னொரு செய்தி. பட்டியல் வந்ததால், பெட்டியைத் திறக்கிற ஆட்களில் யார் அளவை மாற்றலாம், யார் மாற்றக் கூடாது என்று இப்போது என்னால் பிரித்துவைக்க முடிகிறது. இவ்வளவு நாள் அது எனக்குக் கிடைக்காது என்றே நினைத்திருந்தேன்.’

பிரமநாயகம் அதை மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

மாற்றத்தோடு காரணம் ஒன்று எழுத வேண்டும், அது பதிவில் அழியாமல் கிடக்கும். அவர் ஒரே வரி எழுதினார்: ‘இந்தக் கேள்விகளுக்குப் பதில் நமக்குத் தெரிந்திருந்தும், தெரியாதவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.’ யார் பேரும் போடவில்லை.

டீச்சர் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதற்குக் கீழே தன் வரியைச் சேர்த்தார்: ‘கேட்டவள் நான்.’

“அது எதுக்கு டீச்சர்?”

“பதிவுன்னா முழுசா இருக்கணும்லா.”

புதிய கெர்னல் வெளியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வெளியான அன்றே பிரமநாயகம் கிளினிக்கில் உட்கார்ந்து அதைக் கட்டினார். அது மற்ற கேள்விகளையெல்லாம் கேட்டது. சிப்பியின் இடம் வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு மேலே போனது. கட்டி முடித்ததும் நேராக ரெஜினாளின் அறைக்குப் போனார்.

“வாக்குக் கொடுக்கேன்,” என்றார். “இந்த வழியா இனி வெளிய போவாது. எனக்குப் பொறவு வாரவரு மறந்தாலும், வெவரம் தெரியாத ஆளா இருந்தாலும் போவாது. அவருகிட்ட அந்தக் கேள்வியே வராது.”

ரெஜினாள் பேனாவை மூடி வைத்தார். “சந்தனமாரிகிட்டச் சொல்லிப் பாக்கேன். வாரதும் வராததும் அவ இஷ்டம் சார்.”

இரண்டு வாரம் போனது. சந்தனமாரி வரவில்லை. பிரமநாயகம் கேட்கவும் இல்லை, ரெஜினாள் சொல்லவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். பிரமநாயகம் டீச்சர் வீட்டு மாடியில் இருந்தார். சிப்பிக்கு வேறு யாரோ அனுப்பிய மாற்றத்தை இரண்டு பேரும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பிரமநாயகத்தின் போன் அடித்தது. ரெஜினாள். அறைக்கு வெளியே வராந்தாவில் நின்று பேசுகிற மாதிரி மெல்லிய குரல்.

“சார், சந்தனமாரி வந்திருக்கா.”

பிரமநாயகம் எழுந்து நின்றுவிட்டார்.

“உள்ள உக்காந்திருக்கா. எழுதிக்கிடட்டான்னு கேட்டேன். ‘ஒங்க சார் வாக்குக் கொடுத்திருக்காருன்னா எழுதுங்கக்கா’ன்னுட்டா. எனக்குத்தான் இப்போ பயமா இருக்கு. எழுத ஆரம்பிக்கதுக்கு முன்னால நான் எதை அமுக்கணும்? எந்தக் கட்டத்துல ஆமாம்னு போடணும்? ஒண்ணு விடாம சொல்லுங்க, பேனாவோட நிக்கேன், எழுதிக்கிடுதேன்.”

“ஒரு நிமிசம் இரும்மா,” என்றார். போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

“டீச்சர், ரெஜினாள். சந்தனமாரி வந்து எதிர்ல உக்காந்திருக்காளாம். இப்போ என்ன செய்யணும்னு கேக்காங்க. என்ன சொல்ல?”

டீச்சர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லுங்க அண்ணாச்சி. உள்ள போயி, அவ முகத்தைப் பாத்து, அவ சொல்லுறதைக் கேக்கச் சொல்லுங்க.”